சவுக்கடியின் சராசரி

பொருளியல் தனக்குரிய பழைய எல்லைகளைக் கடந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. சந்தை, விலை, வட்டி, நாணயம் என்பனவற்றோடு நின்றுவிடாது, திருமணம் ஏன் நிகழ்கிறது, பெற்றோர் பிள்ளைகளின் தொகையை ஏன் குறைத்துக்கொள்கின்றனர், திருடன் ஏன் திருடுகிறான், ஒரு தேசம் செல்வத்திலும் மற்றொன்று வறுமையிலும் இருப்பது எதனால் என்ற வினாக்களுக்கெல்லாம் இன்று அது விடை கூற முற்படுகிறது. வரலாற்றாசிரியனும் சமூகவியலாளனும் நாவலாசிரியனும் தத்தம் வழியிலே நெடுங்காலம் உழுத நிலத்தில், கணித ஏரைப் பூட்டிக்கொண்டு பொருளியலாளன் இறங்கியிருக்கிறான். விளைச்சல் எத்தகையது என்று பார்ப்பது நமது கடமையாகும். இவ்வாராய்ச்சிகளின் முடிவுகள் எளிய நூல்களாகவும் பத்திரிகைக் குறிப்புகளாகவும் எமது மாணவரைச் சென்றடைகின்றன. எண்ணோடு வரும் கூற்றை மறுத்துக் கேட்பதற்கோ எமது வகுப்பறைகள் இன்னும் பழக்கப்படவில்லை.

முற்போக்காளர் மத்தியில் இத்துறை குறித்து இருவகை மனப்பான்மைகளைக் காணலாம். ‘முதலாளித்துவப் பொருளியல்’ என்ற ஒரே முத்திரையைக் குத்தி ஒதுக்கிவிடுவது ஒன்று. அட்டவணைகளையும் சமன்பாடுகளையும் கண்டவுடன் கைகட்டி நிற்பது மற்றொன்று. முதலாவது போக்கை மார்க்சியத்தின் பெயரால் நியாயப்படுத்துவோர், மார்க்ஸ் தம் வாழ்நாளை எவ்வாறு செலவிட்டார் என்பதை மறந்துவிடுகின்றனர். பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலையில் அமர்ந்து, தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளை ஆண்டுக்கணக்கில் புரட்டி, அரசாங்கம் வெளியிட்ட எண்களைக் கொண்டே அவ்வரசாங்கம் பாதுகாத்த முறையின் இயல்பை வெளிப்படுத்தியவர் அவர். ‘மூலதனம்’ முதற் பாகத்தில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தைப் படித்தோர் எண்ணுக்கு அஞ்சமாட்டார்.

ஆகவே பொதுப்படப் பேசுவதை விடுத்து, புகழும் இகழும் ஒருங்கே பெற்ற ஒரு நூலை எடுத்துக்கொள்வோம்.

றொபேட் போகல், ஸ்ரான்லி எங்கர்மன் என்னும் இரு அமெரிக்கப் பொருளியலாளர் 1974ஆம் ஆண்டில் ‘ரைம் ஒன் த குறொஸ்’ என்ற நூலை இரு தொகுதிகளாக வெளியிட்டனர். சிலுவையில் கழிந்த காலம் என்பது தலைப்பின் கருத்து. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1860ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் கறுப்பின மக்களைப் பிணித்திருந்த அடிமைமுறையின் பொருளியலே அதன் பொருள். போகல் ஏற்கெனவே பெயர் பெற்றவர். இருப்புப்பாதைகளே அமெரிக்காவை வளர்த்தன என்ற நம்பிக்கையைச் சோதிக்க, இருப்புப்பாதை இல்லாத ஓர் அமெரிக்காவைக் கற்பனை செய்து, கால்வாய்களாலும் வண்டிகளாலும் அதே சரக்கைக் கொண்டுசென்றிருந்தால் 1890இல் தேசிய உற்பத்தி எவ்வளவு குறைந்திருக்கும் என்று கணக்கிட்டவர். இழப்பு ஒருசில சதவீதமே என்று 1964இல் எழுதியவர். ‘புதிய பொருளாதார வரலாறு’ என்று அழைக்கப்பட்ட நெறியின் முன்னோடிகளுள் ஒருவராகிய அவருக்கு 1993இல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இளமையில் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் இளைஞர் அமைப்பாளராக அவர் பணியாற்றியதையும் இங்கு குறிப்பிடலாம். அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்க வந்த இனவெறியர் என்று அவரைக் கூறிவிட முடியாது. அந்த எளிய வழி நமக்கு இல்லை.

நூலின் முதற் கூற்றை நாம் தயக்கமின்றி ஏற்கலாம், ஏற்கவும் வேண்டும். யூல்றிச் பிலிப்ஸ் 1918இல் எழுதிய வரலாறு தென்மாநிலத்து அடிமைமுறையை இலாபமற்ற ஒரு பழைய ஏற்பாடாகவும், எசமானர் தந்தையைப் போலப் பேணிய குடும்பமாகவும் சித்திரித்தது. பின்னர் கெனத் ஸ்ராம்ப் 1956இல் அந்தச் சித்திரத்தைக் கலைத்தார். கொன்றட், மேயர் என்னும் இருவர் 1958இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், அடிமையை வாங்குவது ஏனைய முதலீடுகளைப்போல இலாபம் தரும் முதலீடாகவே இருந்ததென்று காட்டினர். போகலும் எங்கர்மனும் இதனை விரிவான சான்றுகளால் நிறுவினர். அடிமைமுறை தானாகச் செத்துக்கொண்டிருக்கவில்லை. 1861இல் போர் மூளுமுன் அதன் உடைமையாளர் எதிர்காலத்தில் நம்பிக்கையோடு இருந்தனர். அடிமைகளின் விலை ஏறிக்கொண்டே இருந்தது. இந்த முடிவு இடதுசாரிகளுக்கு உவப்பானது. சுரண்டல் முறை காலப்போக்கில் தன் திறமையின்மையாலேயே உதிர்ந்துவிடும், பொறுத்திருங்கள் என்று உபதேசிக்கும் மிதவாதிகளுக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு இல்லை.

நூல் அத்தோடு நிற்கவில்லை. தென்னகத்து விவசாயம் வடக்கின் குடும்பப் பண்ணைகளைவிட 35 சதவீதம் வினைத்திறன் மிக்கது. அடிமையின் நாளாந்த உணவு 4,185 கலோரி. தன் வாழ்நாளில் அவன் விளைத்த வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்களவு உணவாகவும் உடையாகவும் உறையுளாகவும் அவனுக்கே திரும்பியது. அவனது வாழ்க்கை வசதிகள் அக்காலத்துச் சுதந்திரத் தொழிலாளரின் வசதிகளோடு ஒப்பிடத்தக்கவை. இவற்றைச் சொன்னதற்கு ஆசிரியர்கள் ஒரு காரணம் கூறினர். கறுப்பின உழைப்பாளி சோம்பேறி, திறமையற்றவன் என்ற இழிவான கதையை உடைத்து, அடிமைத்தளையிலும் அவன் சாதித்ததை உலகறியச் செய்ய விரும்பினர். நோக்கம் நல்லதே. ஆனால் அந்நோக்கம் எவ்வகையான எண்களின் வழியாக நிறைவேற்றப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

லூயிசியானா மாநிலத்தில் பெனற் பரோ என்றொரு பருத்தித் தோட்ட முதலாளி இருந்தான். அவன் நாட்குறிப்பு எழுதும் பழக்கமுடையவன். 1840இன் இறுதியிலிருந்து இரண்டாண்டுக் காலத்தில் தன் அடிமைகளுள் யாருக்குச் சவுக்கடி கொடுத்தான், எதற்காகக் கொடுத்தான் என்பதை ஒரு பட்டியலாகவும் எழுதிவைத்தான். அப்பட்டியலில் 160 சவுக்கடி நிகழ்ச்சிகளை ஆசிரியர்கள் எண்ணினர். தோட்டத்தில் வேலைசெய்வோர் ஏறத்தாழ 120 பேர் எனக் கொண்டனர். வகுத்தபோது, ஆளொருவருக்கு ஆண்டுக்கு 0.7 சவுக்கடி என்ற சராசரி கிடைத்தது. ஆண்டுக்கு ஒருமுறைகூட இல்லை! பாதிக்கு மேற்பட்டோர் என்ற அளவில் இல்லாவிடினும், இரண்டாண்டுகளில் ஒருமுறையும் அடிபடாதோர் பலர் இருந்தனர் என்பதும் சேர்த்துச் சொல்லப்பட்டது.

ஹேர்பேட் கட்மன் என்ற வரலாற்றாசிரியர் 1975இல் இதற்கு ஒரு தனி நூலாலேயே விடையளித்தார். பரோவிடம் அக்காலத்தில் இருந்த அடிமைகள் ஆசிரியர்கள் கொண்டதைவிடக் குறைந்த தொகையினர் என்பதைக் காட்டியதோடு, அதே 160ஐ அவர் வேறொரு எண்ணால் வகுத்தார். இரண்டாண்டுகளுக்கு 730 நாட்கள். 730ஐ 160ஆல் வகுத்தால் 4.56. அதாவது நாலரை நாட்களுக்கு ஒருமுறை அத்தோட்டத்தில் யாரோ ஒருவரின் முதுகில் சவுக்கு விழுந்தது. இரண்டு கணக்கும் சரியானவை. கூட்டலிலோ பெருக்கலிலோ தவறு இல்லை. 0.7 என்பது பண்ணைக்காரனின் வினாவுக்கு விடை: ‘என் வேலையாட்களை நான் எவ்வளவு அடிக்கிறேன்?’ 4.56 என்பது அந்தக் குடிசை வரிசையில் வாழ்ந்தவரின் வினாவுக்கு விடை: ‘அந்தச் சத்தத்தை நாங்கள் எத்தனை நாளைக்கொரு தடவை கேட்கிறோம்?’

கட்மன் இன்னுமொரு உவமையும் காட்டினார். 1889 முதல் 1899 வரை அமெரிக்காவில் ஆண்டொன்றுக்குச் சராசரி 127 கறுப்பினத்தவர் வெறிபிடித்த கும்பல்களாற் கொல்லப்பட்டனர். அவர்களது மொத்தத் தொகையை அறுபது இலட்சம் எனக் கொண்டு வகுத்தால், தலைக்கு விழும் பங்கு ஒன்றுமில்லை எனுமளவுக்குச் சிறுத்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்படவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம்! ஒரு மரத்திலே தொங்கும் உடல் அந்த மாவட்டம் முழுவதற்கும் பேசுகிறது. தலைக்கு இவ்வளவு என்று பங்கிடத்தக்க பண்டமல்ல அச்சம்.

இலக்கிய வாசகர் இதனை முன்னரே அறிவர். பிரெட்றிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில், சிறுவனாயிருந்த காலத்தில் தன் அத்தை அடிக்கப்பட்டதைக் கண்ட நிகழ்ச்சி முதல் அத்தியாயத்திலேயே இடம்பெறுகிறது. பரோவின் பட்டியலைப்போல் ஒன்று அங்கே எழுதப்பட்டிருந்தால், அத்தையின் பெயர் மாத்திரமே அதிற் பதிவாகியிருக்கும். ஒளிந்திருந்து பார்த்த பையனின் பெயர் எப்பட்டியலிலும் ஏறியிராது. பரோ நாட்குறிப்பு எழுதிய அதே ஆண்டுகளில், அதே லூயிசியானாவில் அடிமையாக விற்கப்பட்டவர் சொலமன் நோர்தப். சுதந்திர மனிதராயிருந்த அவர் 1841இற் கடத்தப்பட்டு, 1853இல் மீண்டு வந்து எழுதிய நூலில், மாலைதோறும் பருத்திக் கூடையைத் தராசுக்குத் தூக்கிச் செல்லும் காட்சி வருகிறது. நிறை குறைந்தால் அடி. நிறை கூடினால் அடுத்த நாளைய அளவு கூடும். ஆகவே தராசை நோக்கி நடக்கும் ஒவ்வொருவனும், அன்று அடிபடாதவனும், அச்சத்தோடு நடந்தான். கொழுந்துக் கூடையைத் தராசிலே தூக்கிவைத்து, அரைப்பேர் போட்டுவிடுவார்களோ என்று கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து நின்ற மலையகப் பெண்களின் பரம்பரையில் வந்தோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒன்றை மற்றொன்றாக்கி நான் கூறவில்லை. அரைநாட் கூலியை இழப்பது வேறு, சவுக்கடி வேறு. எனினும் வரலாறு இரண்டையும் தொடுத்தே வைத்திருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளில் 1834இல் தொடங்கி 1838இல் அடிமைத்தளை முற்றாக அகன்றபின் அங்கே கோப்பி உற்பத்தி சரிய, அவ்விடத்தை நிரப்பவே இலங்கை மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியத் தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர்.

போகலும் எங்கர்மனும் சவுக்கை மறைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் செய்தது வேறு. பரிசுப்பணம், மேலதிக உணவு, விடுமுறை, உயர்ந்த வேலை என்பவற்றோடு சவுக்கையும் ‘ஊக்குவிப்பு’ என்ற ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்தனர். தோட்ட முதலாளி ஒரு முகாமையாளன். அவன் முன்னால் பல கருவிகள். எதைக் கொண்டு எவ்வளவு வேலை பெறலாம் என அவன் கணக்கிடுகிறான். இவ்வாறு சொல்லும்போது ஒன்றும் பொய் சொல்லப்படவில்லை. ஆனால் சவுக்கு இருக்கும் இடத்தில் பரிசு வேறு பொருளுடையது என்ற உண்மை நழுவிப்போகிறது. மனிதன் ஒருவன் மற்றொருவனை விற்கவும் வாங்கவும், தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கவும் உரிமையுடையவனாயிருக்கும் உறவே அங்கு முதற்பொருள். அந்த உறவுக்குள்ளேதான் ஏனைய கருவிகளெல்லாம் இயங்கின.

நூற்றுக்குப் பத்து மாத்திரமே சுரண்டப்பட்டது என்ற எண்ணையும் சற்று அவிழ்த்துப் பார்க்கலாம். அடிமைக் குழந்தை பிறந்த நாளில் நின்றுகொண்டு, அதன் வருங்கால உழைப்பு முழுவதையும் வட்டி கழித்து இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்து செய்யப்பட்ட கணக்கு அது. வேலைசெய்யும் வயதை அடையாமலே இறந்த பிள்ளைகளுக்கான செலவும், உயிர்தப்பி உழைத்தோரின் கணக்கிலே பற்று வைக்கப்பட்டது. அடிமை தன் 27ஆவது வயதில்தான் எசமானனின் ‘கடனை’ அடைக்கிறான் என்ற விசித்திரமான முடிவும் அதிலிருந்து பிறந்தது. பெற்ற தாயும் தந்தையும் இரவிலே அப்பிள்ளைக்காகச் செய்தவை எசமானனின் வரவா, செலவா? ஏட்டில் அதற்குரிய நிரலே இல்லை. றொஜர் றான்சம், றிச்சேட் சச் என்னும் பொருளியலாளர் வேறு முறையிற் கணக்கிட்டபோது, அபகரிக்கப்பட்ட பங்கு பாதிக்கு மேல் என்று கண்டனர். 35 சதவீத வினைத்திறன் பற்றியும் கவின் றைற் போன்றோர் ஆட்சேபம் எழுப்பினர். விளைச்சல் அதன் விலைப் பெறுமதியால் அளக்கப்பட்டது. கணக்குக்கு எடுத்துக்கொண்ட ஆண்டோ உலகச் சந்தையிற் பருத்திக்குப் பெருங்கிராக்கி நிலவிய ஆண்டு. லங்காஷியர் ஆலைகளின் பசி அடிமை முதலாளியின் திறமையாகப் பெயர் மாறிவிட்டது.

இவ்விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் எண் வேறொன்று. அதே றான்சமும் சச்சும் 1977இல் வெளியிட்ட நூலில், விடுதலைக்குப் பின் தென்னகத்துக் கறுப்பின மக்கள் தலைக்கு எவ்வளவு நேரம் உழைத்தனர் என்பதை மதிப்பிட்டனர். அடிமைக் காலத்தோடு ஒப்பிட, உழைப்பு நேரம் 28 முதல் 37 சதவீதம் வரை குறைந்திருந்தது. தோட்ட முதலாளிகள் இதனைச் சோம்பல் என்றனர். ஆட்பற்றாக்குறை என்று முறையிட்டனர். நிகழ்ந்தது என்னவெனில், குடும்பங்கள் தம் பெண்களையும் பிள்ளைகளையும் வயலிலிருந்து மீட்டுக்கொண்டன. பிள்ளைகள் பாடசாலை சென்றனர். கண்காணிப்பின்கீழ் அணியணியாக நின்று வேலைசெய்யும் முறைக்குத் திரும்பினால் கூடிய கூலி தருவதாகச் சொல்லியும் அவர்கள் இணங்கவில்லை. மூன்றிலொரு பங்கு உழைப்பு, எந்த ஊக்குவிப்பினாலும் பெறமுடியாததாய், பலாத்காரத்தினால் மட்டுமே கறக்கப்பட்டு வந்தது என்பதை இந்த எண் கூறுகிறது. போர்க்காலத்தில் அடிமைகள் தோட்டங்களைக் கைவிட்டு வெளியேறியதைப் பொது வேலைநிறுத்தம் என்று டு போய்ஸ் 1935இல் வர்ணித்தபோது, பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. நாற்பதாண்டுகளின் பின் பொருளியலாளரின் அட்டவணை அவர் பக்கம் சாட்சி சொல்ல வந்தது.

இனி, அன்றாட வாழ்வைப் பொருளியல் விளக்கும் முறைக்கு வருவோம். அடிமைமுறை அமெரிக்காவின் கதை மாத்திரமன்று. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகள் உண்டு. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இலேயே. சட்டம் ஒழிந்த பின்னும் அதன் உறவுகள் சாதியாசாரமாக யாழ்ப்பாணத்துக் கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் தேநீர்க் கடையிலும் தொடர்ந்தன. இத்தகைய ஒதுக்கலைப் பொருளியல் எவ்வாறு விளக்கும்?

சிக்காகோ நெறியின் தலைவர்களுள் ஒருவரான கேரி பெக்கர் 1957இல் எழுதிய நூல், பாரபட்சத்தை ஒருவகை ‘ருசி’யாகக் கொண்டது. கறுப்பினத்தவனை வேலைக்கு அமர்த்த விரும்பாத முதலாளி, அவ்விருப்பமின்மைக்காகத் தன் இலாபத்தில் ஒரு பகுதியை இழக்கிறான். ருசி இல்லாத முதலாளி அந்த மலிவான உழைப்பைப் பயன்படுத்திப் போட்டியில் அவனை முந்துவான். ஆகவே போட்டி வலுத்தால் பாரபட்சம் மெலியும். குடும்பம், குற்றம் முதலியவற்றுக்கும் பின்னர் இதே வகையான விளக்கத்தை அவர் விரித்தார். 1992இல் நோபெல் பரிசும் பெற்றார். விளக்கம் அழகானது. எமது தேநீர்க் கடைக்கு அதனைப் பொருத்திப் பாருங்கள். ஒடுக்கப்பட்ட மக்களை விலக்கிய கடைக்காரன் அவர்களது காசை இழந்தான் அல்லவா? இல்லை. சிரட்டையிலும் போத்தலிலும் தனிப் பாத்திரத்திலும் தேநீர் ஊற்றிக் கொடுத்து, வாசலுக்கு வெளியே நிறுத்தி, காசை வாங்கிக் கல்லாவிலே போட்டுக்கொண்டான். சாதியும் பிழைத்தது, இலாபமும் பிழைத்தது.

பெக்கருக்குத் தக்க மறுப்பு பொருளியலின் உள்ளேயிருந்தே வந்தது. ஜோர்ஜ் அக்கர்லோஃப் 1976இல் எழுதிய ஒரு கட்டுரையில் சாதியைத் தனிமனித ருசியாகக் கொள்ளாமல், தண்டனையால் நிலைபெறும் ஒழுங்காகக் கொண்டார். விதியை மீறுபவனைச் சமூகம் விலக்கும். அவனோடு கொடுக்கல் வாங்கல் வைப்பவனையும் விலக்கும். அந்நிலையில், சாதியை மனத்தால் வெறுப்பவனும் தனியாக மீறத் துணியமாட்டான். தனியொருவனின் இலாப வேட்கை இந்த ஒழுங்கை உடைக்காது. போதிய தொகையினர் ஒன்றுசேர்ந்து மீறினாலே அது உடையும். இதனைப் படிக்கும் யாழ்ப்பாணத்து வாசகனுக்கு 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நினைவுக்கு வரும். சட்டம் நிறைவேறிய பின்னும் கடைகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், பொலிசாரின் தடியடியும், அதைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமுமே பூட்டை அசைத்தன. அக்கர்லோஃப் எமது போராட்டங்களை அறிந்து எழுதியவர் என்று நான் கூறவில்லை. ஆனால் அவரது சமன்பாட்டில் அப்போராட்டங்களுக்கு இடம் உண்டு. பெக்கரின் சமன்பாட்டில் இல்லை.

இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு கணிதத் திறமையில் இல்லை. ஒருவர் தனித்தனி ஆட்களைக் கூட்டி வகுக்கிறார். மற்றவர் ஆட்களுக்கிடையேயான பிணைப்பை அளக்க முயல்கிறார். இவ்வேறுபாடு உயிர்களைப் பறிக்கவும் கூடும் என்பதற்கு வங்காளம் சாட்சி. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மாண்டோர் பதினைந்து இலட்சம் என்று விசாரணைக் குழு கூறியது; முப்பது இலட்சமளவில் என்பது அமர்த்தியா சென்னின் மதிப்பீடு. அரிசி போதவில்லை என்பதே உத்தியோகபூர்வமான விளக்கம். சென் 1981இல் வெளியிட்ட நூலில் உணவு இருப்பைக் கணக்கிட்டுப் பார்த்தார். முந்திய ஐந்தாண்டுகளின் சராசரியைவிட அது ஏறத்தாழ 5 சதவீதமே குறைவு. பஞ்சமில்லாத 1941ஐ விட 13 சதவீதம் கூடவே இருந்தது. சராசரி வங்காளி பட்டினி கிடக்க நியாயமில்லை. மாண்டவன் சராசரி வங்காளி அல்லன். யுத்தச் செலவினால் அரிசி விலை பாய்ந்தேறியது. விவசாயக் கூலி அதனோடு ஏறவில்லை. யப்பானியர் கைப்பற்றிவிடக்கூடும் என்று படகுகளை அரசு பறித்துக்கொண்டதால் மீனவர் தொழிலிழந்தனர். கல்கத்தாவின் யுத்தத் தொழிற்சாலைகளில் வேலைசெய்தோருக்குச் சகாய விலையில் அரிசி கிடைத்தது. கூலிக்காரன், மீனவன், முடிவெட்டுவோன், தோணிக்காரன் ஆகியோர் தம் உழைப்பைக் கொடுத்து அரிசியைப் பெறும் ஆற்றலை இழந்தனர். சென் பயன்படுத்திய விளைச்சற் புள்ளிவிபரங்களைப் பின்னர் சிலர் ஐயுற்றனர், அவ்விவாதம் நியாயமானதே. ஆயினும் தலைக்கு எவ்வளவு அரிசி என்று கேட்பதோடு நின்றுகொள்ள அதன்பின் எவராலும் முடியவில்லை.

எமது பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. எட்வேட் பப்ரிஸ்ற் என்னும் வரலாற்றாசிரியர் 2014இல் எழுதிய நூல், பருத்தி பறிக்கும் வேகம் அறுபதாண்டுகளில் நான்கு மடங்களவு பெருகியதற்குச் சித்திரவதையே காரணம் என வாதிட்டது. 1836இல் அமெரிக்கப் பொருளாதார நடவடிக்கைகளிற் பாதியளவு பருத்தியோடு தொடர்புடையது என்றும் கூறியது. முற்போக்கு உலகம் ஆரவாரத்தோடு அதனை வரவேற்றது. அலன் ஓம்ஸ்ரெட், போல் றோட் என்னும் பொருளியலாளர் ஏலவே நூற்றுக்கணக்கான தோட்ட ஏடுகளை ஆராய்ந்து, மெக்சிக்கோவிலிருந்து வந்த புதிய பருத்தியினங்கள் பறிப்பை எளிதாக்கியமையே பெருங்காரணம் என்று நிறுவியிருந்தனர். அன்றியும், பருத்தியின் பெறுமதியோடு அதை விளைக்க வாங்கிய பொருள்களின் பெறுமதியையும் சேர்த்து, ஒரே தொகையை இருமுறை எண்ணியதாற் பாதி என்ற கணக்குப் பிறந்தது என்பதையும் காட்டினர். சவுக்கு இருந்தது, கொடுமை இருந்தது. அதை நிறுவப் பிழையான கூட்டல் வேண்டியதில்லை. நீதியான பக்கத்தில் நிற்பவனின் கணக்கை எதிரி இருமடங்கு கூர்மையோடு சரிபார்ப்பான் என்பதை நம் ஆய்வாளர் மறந்துவிடலாகாது.

போகலின் நூலுக்கு மிகக் கடுமையான திருத்தம் அவரது மாணவருள் ஒருவரிடமிருந்து வந்ததும் குறிப்பிடத்தக்கது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது 1808இல் தடைசெய்யப்பட்டபின், ஐக்கிய அமெரிக்காவின் துறைமுகங்களிடையே அவர்களைக் கப்பலில் ஏற்றிச் சென்றோர், அவர்கள் களவாகக் கொண்டுவரப்பட்டவரல்லர் என்று நிறுவுவதற்காக, ஒவ்வொருவரின் பெயர், வயது, பால், உயரம் ஆகியவற்றை எழுதிச் சுங்க அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. வியாபாரிகள் தம் சரக்கைப் பாதுகாக்க எழுதிய இப்பட்டியல்கள் ஆயிரக்கணக்கில் எஞ்சியுள்ளன. றிச்சேட் ஸ்ரெக்கல் அவற்றை எடுத்து, எவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: குழந்தைகள் எவ்வளவு உயரமாயிருந்தனர்? விடை அவரையே திடுக்கிட வைத்திருக்கும். அடிமைக் குழந்தைகள், இன்று வறிய நாடுகளிற் காணப்படும் மிகக் குறுகிய குழந்தைகளின் வரிசையில் வைக்கத்தக்க அளவு குறுகியிருந்தனர். அவர்களது மரண வீதம் வெள்ளையர் குழந்தைகளுடையதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. கர்ப்பிணிகள் பிரசவத்தை அண்டிய நாட்கள் வரையிலும் வயலில் நிறுத்தப்பட்டமையும், பிள்ளை பிறந்து சில வாரங்களிலேயே தாயை மீண்டும் வேலைக்கு அழைத்தமையும் இதற்குரிய காரணங்களுட் சில. பின்னர் பத்து வயதை அடுத்துப் பிள்ளைகள் விரைந்து வளரத் தொடங்கினர். வளர்ந்தபின் அவர்களது உயரம் அவ்வளவு குறைவாக இல்லை. பத்து வயதளவில்தான் அவர்கள் வயலுக்கு அனுப்பப்பட்டனர். இறைச்சியும் போதிய உணவும் அன்றிலிருந்தே பங்கிடப்பட்டன.